பெயர் தேய்ந்த சுமைதாங்கி

பகல் பன்னிரண்டே கால். இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையோரம், புளியமரத்தடியில் லோடு ஆட்டோவை நிறுத்தி ஒன்பதாவது பலகையை இறக்கினோம். எங்கள் வரலாற்றுக் குழுவில் மொத்தம் மூன்று பேர். ஒருவருக்குக் காது கேட்காது. அதனால் சக்ரபாணியாகிய நான் நன்றாகப் பேசுவேன் என்று நம்புகிறார். பழைய இடங்களுக்கு வைக்கும் பலகைகளில் வாசகம் எல்லாம் என் கைவண்ணம்.

இங்கே இருப்பது சுமைதாங்கிக் கல். இரண்டு கல் நிற்க, மேலே ஒன்று கிடக்கும், வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கி வைக்க. வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போனவளின் பாரம் இறங்கட்டும் என்று நடுவது. வெட்டியிருந்த பெயர் மழையில் தேய்ந்துவிட்டது. பெயர் இல்லாமல் ஒரு வரலாறா? நானே ஒன்று போட்டுவிட்டேன். செத்தவள் வந்தா கேட்கப்போகிறாள்?

போல்ட்டை முறுக்கி முடித்த ஆட்டோ டிரைவர் ஆண்டிச்சாமி அப்போதுதான் வாசித்தான்.

“செல்வலட்சுமியா? அண்ணாச்சி, இது எங்க வீட்டுக்காரி பேருல்லா!”

“ஊருக்குள்ள எத்தனையோ செல்வலட்சுமிப்பா.”

“அம்புட்டுப் பேரும் ஒம்பது மாசமா இருக்காளுவளா?”

அதற்குள் அவன் போன் அடித்தது. செல்வலட்சுமிக்கு வலி கண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். ஆட்டோவோடு பறந்தான். கறுப்புப் பெயின்ட் டப்பாவும் பிரஷுமாக நான் பஸ்ஸுக்கு நின்றேன். மூன்று பஸ்கள் என்னைப் பார்த்தும் நிற்காமல் போயின. அது வழக்கம்தான்.

பிறகு சாலையில் சத்தமே இல்லை. புளிய இலைகூட அசையவில்லை. அந்த வெயிலில், எங்கிருந்தோ ஈரத்துணி வாடை.

பின்னால் கல்லோடு கல் உரசியது. மேல்கல்லில் யாரோ எதையோ இறக்கிய மாதிரி.

“ஸ்ஸப்பா...”

பெண் குரல்.

திரும்பினேன். யாருமில்லை.

போன் அடித்தது. ஆண்டிச்சாமி கிசுகிசுத்தான்.

“அண்ணாச்சி, பக்கத்துக் கட்டில் காலியாத்தான் கெடக்கு. இவ அதைப் பாத்துப் பேசிக்கிட்டே இருக்கா.”

“வலியில பெனாத்துறதுதான்.”

“‘இந்த அக்காவுக்கும் எம் பேருதானாம், இன்னைக்கு மத்தியானந்தான் வச்சாகளாம்’ங்கா.”

“பலகையைப் பத்திச் சொன்னியா?”

“சத்தியமா இல்ல. பிள்ளைக்குத் துடிப்பு கொறையுதுன்னு நர்சுங்க ஓடுதாக, அண்ணாச்சி...”

பிரஷை முக்கி அந்தப் பெயர்மேல் இழுத்தேன். அவசரத்தில் என் வேட்டிக்கும் பாதி. பெயர் மறைந்தது.

போன் இன்னும் காதில்தான்.

“அந்த அக்கா எந்திரிச்சிட்டாகளாம். ஆனா போகலையாம். இவ தலைமாட்டுல நின்னு அழுதாகளாம். ‘குடுத்த பேரைப் பிடுங்கிட்டானே’ன்னு.”

எனக்குப் பாதி பயம். மீதி என்னவென்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வேறு பெயர் எழுதலாம். எந்தப் பெயரை எழுதினாலும், அந்தப் பெயரில் எங்கேயாவது ஒருத்தி மாசமாக இருப்பாளே! ஐம்பத்தெட்டு வயதில், சத்தியமாக மாசமாகாத ஒரே ஆளைத்தான் எனக்குத் தெரியும்.

அழித்த பெயருக்குப் பக்கத்துக் காலி இடத்தில் எழுதினேன்.

சக்ரபாணி.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

பிறகு ஒரு பிஞ்சுக் குரல் வீறிட்டது.

“பொம்பளப் பிள்ளை, அண்ணாச்சி! ரெண்டு பேரும் சுகம். நீங்களே ஒரு பேரு வைங்க!”

“ஏலே, வேற யாரையாவது கேளு!”

நிறைமாதத்தில் இறந்த சக்ரபாணியால் குழுவின் மானமே போய்விட்டதாக அந்தக் காது கேட்காதவர் கத்தினார். பலகையை மாற்ற நான் சம்மதிக்கவில்லை.

மறுநாளிலிருந்து, கண் விழித்தால் தலைமாட்டில் என் துண்டு வட்டமாகச் சுருண்டு, தலைச்சுமைக்கு அடியில் வைக்கும் சும்மாடாகக் கிடக்கிறது. நடுவில், கனத்த சுமை அழுத்திய பள்ளம். தொட்டால் சூடு. மனைவி ஜெயசித்ராமேல் பழிபோட்டுப் பார்த்தேன். அவளுக்குச் சும்மாடு சுற்றவே தெரியாது.

இன்று காலை அது, கண்ணுக்குத் தெரியாத பாரத்தோடு, என் தலைமேல் இருந்தது.