கடைசி ரீலில் என்ன நடந்தது

மாலை ஐந்தரை. படம் தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது ஆபரேட்டர் கடைசி ரீல் இருந்த ஆறாவது டப்பாவைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை.

நாற்பது வருடம் முன்பு ஒரே வாரம் ஓடி மறைந்த பேய்ப்படம். மிஞ்சியது இந்த ஒரே பிரதி. சங்கத்து விமர்சகர் அதன் முடிவைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரையால் திரைப்படச் சங்கமே அதன் மேல் பைத்தியமாக இருந்தது. பார்க்காதவர் என்று சொல்லிக்கொள்ள அங்கே யாருக்கும் துணிச்சல் கிடையாது.

உறுப்பினராக வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டரை எல்லோரும் பார்த்தார்கள். அவள் கதவைச் சாத்தச் சொன்னாள்.

"காலையில ஓட்டிப் பார்த்தேன், முழுசா இருந்துச்சு" என்றார் ஆபரேட்டர். "நான் மெஷினைத்தான் பார்ப்பேன், படத்தைப் பார்க்க மாட்டேன். அப்போ செயலாளர், பொருளாளர், விமர்சகர் வீட்டம்மா மூணு பேரும் வந்து போனாங்க."

அவள் மூவரிடமும் தனித்தனியாக ஒரே கேள்வி கேட்டாள்: "கடைசியில அந்தப் பொண்ணு என்ன ஆவா?"

"கிணத்துல குதிச்சிடுவா. தண்ணி மேல வெள்ளைப் பூ மிதக்கும்" என்றார் செயலாளர்.

"கிணறுதான். வெள்ளைப் பூ!" என்றார் பொருளாளர்.

நாற்காலிகளுக்கு உறை போட வந்திருந்த விமர்சகரின் மனைவி பெருமூச்சு விட்டார். "பாவம்மா அவ. நல்லவேளை, பஸ் கிடைச்சுது."

சப்-இன்ஸ்பெக்டர் மிச்ச உறைகள் இருந்த மூட்டையை அவிழ்த்தாள். ரீல் அடியில் இருந்தது.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" செயலாளர் வாயைப் பிளந்தார்.

அவளுக்கு முகம் சுட்டது. "கிணறும் பூவும் கட்டுரையில இருக்கிற வரி. அதையே நானும் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். நான் இந்தப் படத்தைப் பார்த்ததே இல்ல. பஸ் கட்டுரையில கிடையாது. அதைச் சொல்றவங்க இன்னைக்குக் காலையில கடைசி ரீலைப் பார்த்திருக்கணும், கட்டுரை பொய்னு தெரிஞ்சிருக்கணும்."

விமர்சகரின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "இத்தனை பேர் முன்னாடி இவர் தலைகுனியக் கூடாதுன்னுதான்..."

முன்வரிசையில் விமர்சகர் எழுந்தார். "நாற்பது வருஷம் முன்னாடி நான் இடைவேளையோட எழுந்து வந்துட்டேன். அந்தக் கிணறு நான் வெட்டினது."

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"இங்க இந்தப் படத்தை நிஜமாவே முழுசா பார்த்தவங்க கை தூக்குங்க" என்றாள் சப்-இன்ஸ்பெக்டர்.

கூடம் நிறைய ஆள் இருந்தது. வெகுநேரம் கழித்து ஒரே ஒரு கை மெல்ல உயர்ந்தது. ரீலைத் திருடியவரின் கை.