ஜன்னல் சுவிட்ச்

மூடியைக் கழற்றியதும் தலையெண்ணெய் வாசனை வந்தது. பழைய காரின் ஜன்னல் சுவிட்சில் கருகிய பிளாஸ்டிக் நாறும், எப்போதோ கொட்டிய காபி நாறும். இப்படியொன்றை எலக்ட்ரீஷியன் முகர்ந்ததில்லை. ஷெட்டின் தகரக் கூரையில் மழை விடாமல் அறைந்துகொண்டிருந்தது.

காரைக் கொண்டுவந்தவர் அவனுடைய தங்கையின் கணவர். ஓட்டுநர் இருக்கையைவிட்டு இறங்கவேயில்லை.

"அந்தப் பக்கத்துக் கண்ணாடி பாதியிலயே நின்னுடுது மச்சான். ஏற மாட்டேங்குது."

"உங்கள மாதிரியே சோம்பேறி வண்டி மாப்ள. தங்கச்சி வரலையா?"

"தூங்குறா."

"இந்நேரத்துலயா? போன் பண்ணாலும் எடுக்கல."

"நல்ல தூக்கம்."

ஓட்டுநர் பக்கத்தில் அந்தக் கண்ணாடிக்கான சுவிட்சில், ஏற்றும் முனை மட்டும் கருகியிருந்தது. இறக்கும் முனை புத்தம் புதிதாக மின்னியது. உப்புத்தாளால் தேய்த்து, மாட்டிக் கொடுத்துவிட்டு, சுற்றிக்கொண்டு மறுபக்க முன்கதவுக்குப் போனான்.

கதவு திறக்கவில்லை.

"பூட்டு சிக்கிடுச்சு. ஜன்னல் வழியாவே பாருங்க."

பாதி இறங்கிய கண்ணாடிக்கு மேலாகத் தலையையும் வலக்கையையும் உள்ளே நுழைத்து, அந்தக் கதவின் சுவிட்சைப் பிரித்தான். இங்கே இறக்கும் முனைதான் தேய்ந்து குழிவிழுந்து கிடந்தது. ஒருவர் ஏற்ற ஏற்ற, இன்னொருவர் இறக்கப் போராடியிருக்கிறார். விளையாட்டுக்கு யாரும் இப்படி அழுத்த மாட்டார்கள். சின்னச் சண்டையாக இருக்கும் என்று மனத்தை அடக்கினான். கை, பழக்கத்தில், தன்பாட்டுக்குத் தேய்த்துச் சுவிட்சைத் திரும்ப மாட்டியது.

நிமிர்ந்தபோது கண்ணுக்கு நேர் மேலே, ஜன்னல் ரப்பரில், நீள முடிக்கற்றை சிக்கியிருந்தது. வேரோடு தோல். காய்ந்து கறுத்த தோல்.

"மாப்ள... தங்கச்சி எங்க?"

"அதான் தூங்குறான்னு சொன்னேன்ல."

டிக்.

கண்ணாடி எங்கும் நிற்காமல், வழுக்கிக்கொண்டு ஏறியது. அவன் வேலை சுத்தம். விளிம்பு தொண்டையை மேல் சட்டத்தோடு வைத்து நெரித்தது. கால்கள் வெளியே கதவை உதைத்தன. பின்மண்டை கூரையில் மோதியது. எலும்பு நொறுங்கும் சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. வாயில் ரத்தம். மாப்பிள்ளை அவனைப் பார்க்கக்கூட இல்லை. ஒரு விரலால் அழுத்திக்கொண்டு மழையைப் பார்த்திருந்தார்.

உள்ளே மாட்டிய கை கதவைத் தடவியது. கைப்பிடி. திருகு. சுவிட்ச்.

இறக்கும் பக்கத்தைத் தொட்டான்.

அங்கே ஏற்கெனவே ஒரு விரல் இருந்தது. சில்லிட்ட, மெலிந்த விரல். இருக்கை காலியாகக் கிடந்தது. அந்த விரல் மட்டும் அழுத்திக்கொண்டே இருந்தது.