வலி மாத்திரை தராதவள்

“தர மாட்டேன்.”

ஜுவேரியா அப்படிச் சொன்னதும், மழைக்கு ஒதுங்கியவர்களால் நிறைந்திருந்த அந்த மருந்துக் கடையில் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

எதிரே நின்றவன் ஈர முடியை நெற்றியிலிருந்து ஒதுக்கினான். கடுந்தேநீர் நிறத்தில் கண்கள்... அவற்றில் கொஞ்சம் கோபம், கொஞ்சம் வியப்பு. கழுத்தில் அளவு டேப் தொங்கியது. பாண்டி பஜார் பக்கம் தையல் கடை வைத்திருப்பவனாக இருக்க வேண்டும்.

“மேடம், மூணு அட்டை வலி மாத்திரைதானே கேட்டேன்? விஷமா கேட்டேன்?”

“டாக்டர் சீட்டு இல்ல. பெத்த அத்தாவுக்குன்னு சொல்றீங்க. அவருக்கு பிரஷர் மாத்திரை ஒண்ணு, ஹார்ட்டுக்காக ரத்தம் உறையாம இருக்க ஒண்ணு... அதுக்கு மேல இதையும் ஒரு மாசமா ரெண்டு வேளை போடுறாராம். வயித்துல ரத்தம் கசியும் சார். கிட்னி கெட்டுப்போகும்.”

“வயசு என்ன, வேற என்ன மாத்திரை, சாப்பிட்டுட்டுப் போடுறாரா... மாப்பிள்ளை பாக்க வர்றவங்ககூட இவ்ளோ கேக்க மாட்டாங்க!”

“மாப்பிள்ளைக்குன்னா இன்னும் நாலு கேள்வி சேத்துக் கேப்பேன்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வரிசையில் நின்ற பெண்மணி ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அவனுடைய காது மடல்கள் சிவந்தன.

கல்லாவில் இருந்த முதலாளி வெள்ளைத்துரை எழுந்து வந்தார். திருநெல்வேலியிலிருந்து வந்து முப்பது வருடமாக தி.நகரில் கடை நடத்துபவர். “ஏம்மா, கேட்டதக் கொடுத்து அனுப்ப வேண்டியதானே? யாவாரத்த ஏன் கெடுக்க?” என்று அவரே அலமாரிப் பக்கம் கையை நீட்டினார்.

“கொடுங்க அண்ணாச்சி. ஆனா சுவத்துல மாட்டியிருக்கே, என் பார்மசிஸ்ட் சர்டிபிகேட்... அதக் கழட்டி எடுத்துக்கிட்டு நான் இப்பவே கிளம்பிடுறேன்.”

அவள் குரல் உயரவில்லை. ஆனால் வெள்ளைத்துரையின் கை பாதியில் நின்றுவிட்டது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் கடையைத் திறக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும்.

“ஊர்ல இது ஒண்ணுதான் மெடிக்கலா?” என்று சொல்லிவிட்டு அவன் விடுவிடுவென்று மழையில் இறங்கினான்.

ஜுவேரியாவுக்கு மனசு கேட்கவில்லை. கதவைத் தாண்டி வாசலுக்கே ஓடினாள். “சார்! அவருக்கு மலம் கறுப்பா, தார் மாதிரி போனாலோ, தலை சுத்தினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க! கறுப்பா போனா... கேக்குதா?”

தெருவே திரும்பிப் பார்த்தது. அவன் மட்டும் திரும்பவில்லை.

‘திமிர்...’ என்று நினைத்துக்கொண்டாள். யாருக்கென்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் மாலை, வேலை முடிந்து சைதாப்பேட்டை ரயிலைப் பிடிக்க மாம்பலம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் போய்க்கொண்டிருந்தாள். மழை சாய்வாக அடித்தது. கூட்டத்துக்கு நடுவே யாரோ எதிரில் வந்து நின்றார்கள். அதே கண்கள்... ஆனால் கோபம் இல்லை. தூக்கம் இல்லாமல் சிவந்திருந்தன.

“என் பேர் ஃபராஸ். அன்னிக்கு உங்ககிட்ட சண்ட போட்டுட்டு நேரா அடுத்த கடைக்குத்தான் போனேன். வீம்புக்கு. மூணு அட்டை கேட்ட எடத்துல அஞ்சு வாங்கினேன்.”

“அய்யோ...”

“முந்தாநாள் காலையில அத்தா பாத்ரூம்லேருந்து வந்து தல சுத்துதுன்னு உக்காந்துட்டார். கறுப்பா போச்சு, ராத்திரி சாப்ட்ட பீட்ரூட்டா இருக்கும்னார். எனக்கு உங்க சத்தம்தான் காதுல விழுந்துச்சு. அடம் பிடிச்சவர ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடினேன். வயித்துல புண்ணு, ரத்தக்கசிவு. நல்லவேளை சீக்கிரம் வந்தீங்கன்னார் டாக்டர்.” அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். “என் கையாலதாங்க வாங்கிக் கொடுத்தேன்...”

அவளுக்கு அவனைத் திட்டத்தான் தோன்றியது. முடியவில்லை. குடையை அவன் பக்கம் சாய்த்தாள்.

“இப்ப எப்படி இருக்கார்?”

“நர்ஸம்மாகிட்ட சண்ட போடுறார். சாம்பார்ல உப்பில்லையாம்.”

“அப்ப பொழச்சிட்டார்.”

இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அவள் பிடிக்க வேண்டிய ரயில் கீழே கிளம்பிப் போனது... அடுத்ததும் போனது.

அதற்குப் பிறகு கடையிலிருந்து ஸ்டேஷன் வரைக்கும் பத்து நிமிட நடை தினமும் நாற்பது நிமிடம் பிடித்தது. ஷெர்வானிக்குக் காலர் வெட்டும்போது மூச்சை அடக்கிக்கொள்வானாம். கல்லூரியில் படித்தபோது மருந்துப் பெயர்களை அவள் ரயிலில் வாய்விட்டு மனப்பாடம் செய்வாளாம். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மந்திரமோ என்று நகர்ந்துபோவார்களாம். அவன் நடுவழியில் நின்று சிரிப்பான். அவள் முன்னால் நடந்து, திரும்பிப் பார்த்து முறைப்பாள்.

ஒருநாள் அவன் வரவில்லை. மறுநாளும் இல்லை. பத்து நாள் ஆயிற்று. போன் இல்லை, ஒரு செய்தி இல்லை.

‘நானா கூப்பிடணும்? நல்லா இருக்கே கதை!’ போனில் அவன் எண்ணைத் திறப்பாள், மூடுவாள். வீட்டில் அம்மா நஸ்ருன்னிசா, “இன்னாடி, மொகம் ஏன் இப்பிடி கீது?” என்று கேட்டபோது, “மழை” என்றாள்.

பதினோராம் நாள் மதியம் ஒரு பெரியவர் கைத்தடி ஊன்றிக்கொண்டு கடைப்படி ஏறினார். வெள்ளைத் தாடி, முழங்காலில் கட்டு. டைக்ளோபினாக் என்று வலி மாத்திரையின் பெயரைச் சுத்தமாக உச்சரித்துக் கேட்டார்.

“சீட்டு இருக்கா ஐயா? வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?”

“ஓ... நீதானா அது?” பெரியவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “நான் வலியுல்லா. ஃபராஸோட அத்தா. நடுத்தெருவுல நின்னு என் வயித்தப் பத்திக் கத்தின பொண்ணு யாருன்னு பாக்கத்தான் வந்தேன்.”

ஜுவேரியா கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

“கட்டினா அந்தப் பொண்ணத்தான் கட்டுவேன்னு பத்து நாளா நிக்கிறான் என் புள்ள. என் மானத்த வாங்கினவ மருமகளா வரக்கூடாதுன்னுட்டேன். நான் சரி சொல்ற வரைக்கும் உன்னப் பாக்கக் கூடாதுன்னும் சொல்லிட்டேன்.”

அதுதானா! நெஞ்சுக்குள் ஏதோ குபீரென்று பொங்கியது. சந்தோஷமா, ஆத்திரமா... இரண்டுமே. கடை முழுக்க அவளைப் பார்த்தது. அவள் தலையைக் குனியவில்லை.

“நான் கத்தலன்னா, இன்னிக்கு என்னைத் திட்ட நீங்க இருந்திருக்க மாட்டீங்க.”

வெள்ளைத்துரை கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். பெரியவர் தடியை இறுகப் பிடித்தார்.

“ரத்தம் கசிஞ்ச வயித்தோட மறுபடியும் அதே மாத்திரை கேக்குறீங்க. இப்பவும் இல்லைன்னுதான் சொல்லுவேன். மருமகளா வந்தாலும் இல்லைன்னுதான் சொல்லுவேன்.”

“வலிக்குதும்மா...” திடீரென்று அவர் குரல் இறங்கிவிட்டது. “நாப்பது வருஷமா கத்திரி புடிச்சு நின்ன கால். ராத்திரி ஆனா யாரோ முறுக்குற மாதிரி... உனக்கென்ன தெரியும்?”

ஜுவேரியாவின் கோபம் அப்படியே கரைந்தது. உள்ளேயிருந்து தன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“வலியைத் தாங்கிக்கோங்கன்னு யார் சொன்னா? வயித்தையும் கிட்னியையும் கெடுக்காம வலியைக் குறைக்க வழி இருக்கு. எலும்பு டாக்டர்கிட்ட போங்க. ரத்தம் கசிஞ்சதையும், நீங்க சாப்பிடுற எல்லா மாத்திரையையும் சொல்லுங்க. வேற மருந்து, பிசியோ எல்லாம் இருக்கு. ஹார்ட் மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க. வேணும்னா நானும் கூட வர்றேன்.”

“நீயா?”

“நான்தான். டாக்டர்கிட்ட நீங்க மறைச்சிட்டா என்ன பண்றது?”

பெரியவரின் தாடிக்குள் உதடுகள் துடித்தன. சிரிப்பை அடக்குகிறார் என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து, மழையில் தொப்பலாக நனைந்தபடி ஃபராஸ் உள்ளே ஓடிவந்தான். “அத்தா! உங்கள எங்கெல்லாம் தேடுறது...” என்றவன் அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

“பத்து நாளா எங்க போனீங்க?” என்றாள் ஜுவேரியா.

“அத்தா சரின்னு சொன்னதும் வந்து உங்ககிட்ட...”

“அத்தாகிட்ட கேட்டாச்சு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

அவளுடைய விரல்கள் கவுண்டர் விளிம்பைப் பற்றின. முதலாளி இருக்கிறார், அவன் அத்தா இருக்கிறார், முன்பின் தெரியாதவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள்... இருக்கட்டுமே!

“எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு, ஃபராஸ். யார் சரி சொன்னாலும் சொல்லலைன்னாலும் பிடிச்சிருக்கு.”

வெளியே மழை கொட்டியது. ஃபராஸின் கண்கள் நிறைந்தன. உதடுகள் அசைந்தன... சத்தம் வரவில்லை.

வலியுல்லா தடியால் தரையைத் தட்டினார். “பக்கத்துல உக்காந்திருக்கேன், எனக்கே கேக்கல. அவளுக்கு எப்பிடிடா கேக்கும்? நல்லா சொல்லுடா!”

ஃபராஸ் கவுண்டர் வரைக்கும் வந்தான். அவன் சட்டை நுனியிலிருந்து மழைநீர் சொட்டியது.

“நீங்க இல்லாம எனக்கு ஒரு நாளும் விடியாது, ஜுவேரியா. என்னைக் கட்டிக்கிறீங்களா?”

அவள் நிமிர்ந்து அவன் கண்களை நேராகப் பார்த்தாள்.

“கட்டிக்கிறேன்.”