இரண்டு தூணில் ஒரு பகா எண்

குடும்ப ஒற்றுமையின் விலை மூன்று லட்சம், ஜி.எஸ்.டி. தனி. மாமல்லபுரத்தில் எண்கணிதக் கடை வைத்திருந்த ஹரிசங்கர், அந்த விலைக்குப் படாளம் திருவேங்கடத்திடம் நூறு இலக்கப் பகா எண் ஒன்றை விற்றிருந்தான்.

"எதாலயும் வகுபடாத நம்பராம். வாசல்ல வெச்சா அண்ணன் தம்பி பாகம் பிரிக்க மாட்டாங்களாம்," என்று பொருமினார் திருவேங்கடம், செங்கல்பட்டில் துப்பறிவாளர் சௌந்தரவல்லியின் அறையில். "கேட்டுத் தூணு ஒவ்வொண்ணுலயும் அம்பது இலக்கம், ரெண்டும் ஜோடியா இருக்கணும்னு நான்தான் கேட்டேன். முன்னாடிலேந்து படி, பின்னாடிலேந்து படி, ஒண்ணுதான். தம்பி பொண்ணு கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்து, பதினொண்ணால வகுபடுதுன்னுட்டா. இப்ப தம்பி நெலத்தப் பிரின்னு நிக்கிறான். சிற்பி பார்த்திபன் ஒரு இலக்கத்த மாத்திட்டானாம், ஹரிசங்கர் சொல்றாரு. அவன் மெஷினு, உளி எல்லாத்தையும் தூக்கிகினு வந்துட்டேன். பணத்த வாங்கிக் குடும்மா."

"ஹரிசங்கர் கொடுத்த தாள்?"

"பூஜைக்குன்னு அவரே வாங்கிட்டாரு."

"சிற்பிதான் மேடம்!" என்று துள்ளினாள் உதவியாளர் பிரபா.

மறுநாள் எல்லோரும் படாளத்துத் தூண்களின் முன் நின்றார்கள். "அவரு தாள அப்படியே அச்செடுத்துக் கல்லுல ஒட்டி, அது மேலதாம்மா செதுக்கினேன். உளி இல்லாம வூட்ல ஒல வைக்கல," என்றான் பார்த்திபன். ஹரிசங்கர் உதட்டைப் பிதுக்கினான்.

சௌந்தரவல்லி இலக்கங்களை விரலால் தொட்டுப் பார்த்தார். இரு தூண்களும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்போல் பொருந்தின.

"பிரபா, ஏதாவது இரண்டு இலக்கம் சொல்."

"நாற்பத்தேழு."

"அதையே திருப்பிப் பக்கத்தில் ஒட்டு. 4774. பதினொன்றால் வகு."

"434! மீதியே இல்ல மேடம்!"

"எதை எடுத்தாலும் அப்படித்தான். இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்து, திருப்பினாலும் அதே எண் வந்தால், ஒற்றைப்படை இடங்களில் உள்ள இலக்கங்களின் கூட்டுத்தொகையும் இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். அப்படிப்பட்ட எண் பதினொன்றால் வகுபட்டே தீரும். பார்த்திபன் ஒரு இலக்கத்தை மாற்றியிருந்தால் தூண்கள் பொருந்தியிருக்காது. பொருந்துகின்றன. ஆக, தாளில் இருந்ததே கல்லில் இருக்கிறது. அது பகா எண்ணாக இருக்கவே முடியாது. இரண்டு தூணும் ஜோடியாக இருக்க வேண்டுமென்று இவர் கேட்டார். நீ ஐம்பது இலக்கம் கிறுக்கி, அதையே திருப்பிப் போட்டுவிட்டாய், ஹரிசங்கர்."

"ஜனங்க நம்பிக்கையத்தானே வாங்கறாங்க மேடம்," என்று இளித்தான் அவன். "உங்களுக்கு ஒரு பர்சென்ட்..."

அழுகிய மீனை மிதித்ததுபோல் சௌந்தரவல்லி விலகி நின்றார். அவர் போலீஸ் என்றதும்தான் அவன் கைபேசியைத் திறந்து பணத்தைத் திருப்பி அனுப்பினான்.

திருவேங்கடம் அவனருகே நகர்ந்து குரலைத் தாழ்த்தினார்: "நைனா, நெஜமாவே வகுபடாதது ஒண்ணு கீதா? கொறச்சிப் போட்டுக் குடேன்."

பிரபா தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்றைய கணக்கு: ஹரிசங்கரிடமிருந்து, மூன்று லட்சம், வரவு. பார்த்திபனுக்கு மெஷினும் உளிகளும், பற்று. அவனிடம் திருவேங்கடம் கேட்க வேண்டிய மன்னிப்பு, பாக்கி.