வெறும் நிலத்துக்கு யார் தண்ணீர் விட்டது?

"என் தோட்டத்து ஆளு சங்கிலிய ஜெயிலுக்குள்ள தள்ளணும், ஏட்டம்மா. அவன் வாயாலயே ஒத்துக்க வைங்க. அதுக்குத்தான் வந்தேன்."

ஆதித்தன் உட்காரக்கூட இல்லை. அனுமந்தன்பட்டியில் நான்கு துண்டு திராட்சைத் தோட்டத்துக்குச் சொந்தக்காரர். சட்டைப்பையில் புகார்க் கடிதத்தைத் தயாராக வைத்திருந்தார். ஒரு மனுஷனைச் சிறைக்கு அனுப்புவதில் அப்படியென்ன அவசரமோ!

மதலேனாள் காவல் நிலையத்தில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரார் கொண்டுவரும் சிக்கல்களை இப்போது விசாரித்துக் கொடுக்கிறார். அவருக்கு ஆட்டோ ஓட்டும் அழகுமலைக்கோ, விசாரணை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம்.

"நடந்ததச் சொல்லுங்க" என்றார் மதலேனாள்.

திங்கட்கிழமை ஒரு துண்டில் பழம் வெட்டு வைத்திருந்தார்கள். வெட்டுக்கு ஐந்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்துவது வழக்கம். அப்போதுதான் இனிப்பு ஏறும், தோல் வெடிக்காது. புதன்கிழமையே நிறுத்தியாயிற்று. சனிக்கிழமை மதியம் யாரோ திறந்துவிட்டார்கள். மறுநாள் காலை பந்தல் முழுக்கப் பழம் வெடித்துத் தொங்கியது. கேரள வியாபாரி வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

"தண்ணி திறக்க ஏதோ ஏஐ வச்சிருக்கீகளாமே?" என்று அழகுமலை குறுக்கே விழுந்தான்.

"அதுகிட்ட நான் தண்ணி திறன்னு சொல்லவே இல்ல. 'தோட்டத்த நல்லாப் பாத்துக்க'ன்னு மட்டும் சொல்லிட்டுக் கல்யாணத்துக்குப் போனேன். வெள்ளிக்கிழம சங்கிலி எங்கிட்ட எதுத்துப் பேசினான். சனிக்கிழம தண்ணி. வேற யாரு?"

"என்ன சண்டை?"

"அது உங்களுக்கு எதுக்கு? அஞ்சு மணிக்குப் புகார் குடுக்கப் போறேன். அதுக்குள்ள முடிங்க."

தோட்டத்தில் மோட்டார் அறை வாசலில் சங்கிலி குந்தியிருந்தான். பதினெட்டு வருஷமாக அந்தக் கொடிகளைப் பார்த்துக்கொண்டவன். ஏஐயை அமைத்துக் கொடுத்த இன்ஜினியர் அருண் ஜோசப்பும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். யாரும் யாரையும் 'வா' என்று சொல்லவில்லை.

மதலேனாள் கையால் திருகும் வால்வைக் குனிந்து பார்த்தார். அதன் பிடியில் சிலந்தி வலை அறுபடாமல் இருந்தது.

"ஐயய்யோ!" என்று அந்தப் பக்கம் அழகுமலை அலறினான். நான்காவது துண்டில் கணுக்கால்வரை சேற்றில் புதைந்திருந்தான். செருப்பு உள்ளேயே மாட்டிக்கொண்டது. கிழட்டுக் கொடிகளைப் போன மாதம் பிடுங்கிப் போட்ட வெறும் நிலம் அது.

மதலேனாள் சிரித்தார். "அழகுமலை, வழக்கே முடிஞ்சுச்சு போ."

எல்லோரையும் மோட்டார் அறை முன் நிற்கவைத்தார்.

"வஞ்சம் தீக்க வந்தவன் பழுத்த துண்டுக்குத் தண்ணி விடுவான், சரி. கொடியே இல்லாத வெறும் நிலத்துக்கு எதுக்கு விடணும்? கண்ணு இருக்க எவனும் அதச் செய்யமாட்டான். மண்ணுல குத்தி வச்ச சென்சார் நம்பர மட்டும் பாக்குறது எது? காஞ்ச துண்டு ரெண்டுக்கும் அதுதான் திறந்துவிட்டிருக்கு. கை வால்வத் தொட்டிருந்தா வலை அறுந்திருக்கும்."

ஆதித்தன் உடனே அருண் மேல் பாய்ந்தார். "ஏலே, நீ வச்ச எந்திரந்தான!"

"நிறுத்துங்க" என்றார் மதலேனாள். "புதன், வியாழன், வெள்ளி, மூணு நாளும் அதே மண்ணு காஞ்சுதான் கெடந்துச்சு. வெறும் நிலம் ஒரு மாசமா காயுது. அப்பல்லாம் திறக்காதது சனிக்கிழம எதுக்குத் திறந்துச்சு? நடுவுல யாரோ எதையோ மாத்தியிருக்காக. அருண், அது எதப் பாத்து முடிவெடுக்குது?"

"கருவிக் குறிப்பு, மேடம். வால்வு, மோட்டார், ஒவ்வொண்ணுக்கும் எழுதி வச்சிருக்கோம். இது என்ன செய்யும், எப்பப் பயன்படுத்தணும், எப்பத் தொடக்கூடாது. அதுல இருக்குறதுதான் ஏஐக்குத் தெரியும். எனக்குத் திராட்சை தெரியாது. சங்கிலியண்ணன் சொல்லச் சொல்ல எழுதினேன்."

மடிக்கணினியைத் திறந்தான். வால்வுக்கான குறிப்பில் ஒரே வரிதான் இருந்தது: 'மண் காய்ந்தால் தண்ணீர் திறக்கவும்.' அருணின் முகம் மாறியது. பழைய பதிவுகளைத் தேடினான். வெள்ளிக்கிழமை மாலைவரை கீழே இன்னும் மூன்று வரி இருந்திருக்கிறது.

'வெட்டுக்கு ஐந்து நாள் முன்பிலிருந்து திறக்காதே. கொடி இல்லாத நிலத்துக்குத் திறக்காதே. சந்தேகம் வந்தால் சங்கிலியிடம் கேள்.'

"அழிச்சது யாரு போன்ல இருந்து?" என்று கேட்டார் மதலேனாள்.

அருண் ஆதித்தனைப் பார்த்தான். "இவரு போன்ல இருந்துதான்."

"இப்பச் சொல்லுங்க, வெள்ளிக்கிழம என்ன சண்டை?"

சங்கிலிதான் சொன்னான். "உரம் விடலாமான்னு எந்திரம் எனக்குப் போன்ல கேட்டுச்சு. மொதலாளி பக்கத்துல நின்னாக. 'என் எந்திரம் உங்கிட்ட கேக்குதா?'ன்னு கத்துனாக. அதுல எழுதியிருக்கு, அப்படியே விடுங்கன்னேன். அதான் நான் எதுத்துப் பேசுனது."

"என் தோட்டத்துல கூலிக்காரன் பேரு இருக்கணுமா?" என்று ஆதித்தன் வெடித்தார். "அவன் பேரத்தான் அழிக்க நெனச்சேன். மொத்தமாப் போயிருச்சு. போனா என்ன? வெட்டுக்கு முன்னாடி தண்ணி விடக்கூடாதுன்னு இங்கன பெறந்த பச்சப்பிள்ளைக்கும் தெரியும்! அத எவனாவது எழுதி வைப்பானா?"

"அது இங்கன பெறக்கலயே" என்றார் மதலேனாள்.

தன் கையாலேயே வெட்டுக்கு நின்ற வெள்ளாமையை அழித்துவிட்டு, பழியை இன்னொருவன் தலையில் கட்டப் பார்த்த அந்த மனுஷனைப் பார்க்கவே அழகுமலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் ஆதித்தன் போனைச் சங்கிலியிடம் நீட்டினார். "சரி விடு. அடுத்த துண்டாவது தப்பிக்கட்டும். அந்த மூணு வரியத் திரும்பப் போட்டு, இன்னும் வேணுங்கிறதையும் சொல்லு."

சங்கிலி போனை வாங்கவில்லை. "வெள்ளாமைய அழிச்சவன்னு ஊரெல்லாம் சொல்லிட்டீக. எம்பிள்ளைக பள்ளிக்கூடத்துக்குப் போகல. மொதல்ல அந்தப் புகார்க் காயிதத்தோட பின்பக்கத்துலயே, அந்த வரிகள நாந்தான் அழிச்சேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

ஐந்து மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. ஆதித்தன் மதலேனாளைப் பார்த்தார். அவர் பேனாவை நீட்டினார். ஆதித்தன் கடிதத்தைத் திருப்பி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சங்கிலி அதை இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தான். மடித்துப் பையில் வைத்தான். மேகமலையில் ஏலக்காய்த் தோட்டத்தில் ஆள் கேட்டிருக்கிறார்களாம். அங்கே போகும் பஸ்ஸுக்குச் சின்னமனூரில் இறக்கிவிடு என்று அழகுமலையிடம் சொல்லி ஆட்டோவில் ஏறிக்கொண்டான்.

"எங்கடா போற? தண்ணிய யாரு பாக்குறது?" என்று ஆதித்தன் பின்னால் ஓடிவந்தார்.

"பச்சப்பிள்ளைக்கும் தெரியும்னீகளே மொதலாளி" என்றான் சங்கிலி. "நீங்களே எழுதிக்கங்க."