நாலாவது மூச்சு

“பன்னிரண்டு இன்ஜினும் அச்சு அசலா ஒண்ணுபோல இருக்கு. உங்கப்பாவோடது எதுன்னு கண்ணை மூடிட்டுச் சொல்லிடுவியா?”

இன்ஜின் கொட்டகை மேலாளர் கிரிம்ஷா இப்படிக் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவுக்கு ரொட்டி கொண்டுவந்த டோர்கஸ் மட்டும் சிரிக்கவில்லை.

அவள் அப்பா ஜோசையா பதினோரு வருடமாக ஓட்டுவது ஏழாம் எண் இன்ஜின். அந்தப் பன்னிரண்டு பச்சை நீராவி ரயில் இன்ஜின்களில் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓட்டுநர். ஒருவருடையதை இன்னொருவர் தொடமாட்டார். நேற்று ஏழும் ஒன்பதும் புது வண்ணம் பூசிக்கொண்டு ஒன்றாகத் திரும்பி வந்தன.

“இது என் ஏழு இல்ல சார். எண் பலகையை மாத்தி மாட்டிட்டாங்க,” என்றார் அப்பா. “சக்கரத் தண்டுல எண் குத்தியிருக்கும். பெயின்ட்டைச் சுரண்டிப் பாருங்க.”

“நேத்து அடிச்ச பெயின்ட்டையா? நல்லா இருக்கே! இதை ஓட்டு. இல்லேன்னா நாளையிலேருந்து சரக்குப் பெட்டி தள்ளப் போ.”

அப்பா தலைகுனிந்தார். அவர் அப்படி நின்று டோர்கஸ் பார்த்ததே இல்லை.

“நீங்க கேட்டீங்களே, கண்ணை மூடிட்டே சொல்லிடுவேன் சார்,” என்றாள். “நான் சுவரைப் பாத்து நிக்கிறேன். ரெண்டையும் ஓட்டச் சொல்லுங்க. அடையாளம் சொல்லிட்டா நீங்க சுரண்டணும்.”

“சொல்லலேன்னா?”

“ரெண்டு இன்ஜினையும் நானே துடைச்சுப் பளபளன்னு ஆக்குறேன்.”

“பாப்பா எட்டித் துடைக்க ஏணி கொண்டாங்கப்பா!” என்று யாரோ கத்தினார்கள்.

முதல் இன்ஜின் அவள் முதுகுப் பக்கமாகப் போனது. குப், குப், குப், குப். நாலும் ஒரே சீர்.

அடுத்தது வந்தது. குப், குப், குப்... குப்.

டோர்கஸின் முகம் மலர்ந்தது. தினமும் காலை ஆறு மணிக்கு அவள் ஜன்னலைத் தாண்டிப் போகும் சத்தம்! நாலாவது மூச்சு மட்டும் கொஞ்சம் தாமதிக்கும், நடுவில் ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டு வருவதுபோல.

“இதுதான்!”

திரும்பினாள். பலகையில் ஒன்பது என்று இருந்தது.

“பாப்பாவுக்கு எண் தெரியாது போல!” என்று கூட்டத்தில் ஒருவர் சிரித்தார்.

“பலகை பொய் சொல்லுது. சுரண்டுங்க சார்.”

கிரிம்ஷா உதட்டைக் கடித்துக்கொண்டு சக்கரத் தண்டைச் சுரண்டினார். பச்சை வண்ணம் சுருண்டு விழுந்தது. இரும்பில் ஆழமாக ஓர் ஏழு பளிச்சிட்டது.

தொப்பிகள் பறந்தன. “எம்பொண்ணு!” என்று அப்பா கொட்டகையே அதிரக் கத்தினார்.

கிரிம்ஷா அந்த எண்ணை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு எண் பலகைகளைக் கழற்றி மாற்றி மாட்டச் சட்டைப் பையிலிருந்த திருப்புளியை எடுத்து டோர்கஸின் கையில் வைத்தார். அவளுக்குத் தொப்பியை உயர்த்தி வணங்கிவிட்டு நடந்து போனார்.