புடிச்சிட்டேன்

முதலில் அதைக் கை அழுக்கு என்றுதான் நினைத்தாள். மடிக்கணினியில், ‘முன்பதிவு செய்க’ என்ற பச்சைப் பொத்தானுக்குக் கொஞ்சம் மேலே, எண்ணெய்க் கையால் தொட்டதுபோல ஒரு மங்கல். துப்பட்டா நுனியால் துடைத்தாள். ஊதிவிட்டு மறுபடி அழுத்தித் துடைத்தாள். சனியன், போகிறதா பார் என்று முனகிக்கொண்டே பக்கத்தை நகர்த்தினாள். அழுக்கும் சேர்ந்து நகர்ந்தது.

அழுக்கு கண்ணாடியில் இல்லை. சற்றுமுன் அவள் எடுத்த ஸ்க்ரீன்ஷாட்டுக்குள் இருந்தது.

மருத்துவமனைகளுக்கான செயலி ஒன்றுக்குக் கையேடு எழுதுவது அவள் வேலை. இங்கே தட்டவும், பிறகு இங்கே தட்டவும் என்று பக்கம் பக்கமாகத் திரையைப் படமெடுத்துச் சிவப்பு வட்டம் போடவேண்டும். யாருமே படிக்காத புத்தகத்தை எழுதுகிற ஒரே எழுத்தாளர் என்று கணவன் கிண்டல் செய்வான். செய்யட்டும். இந்த வேலையில் அவள் புலி. ஸ்க்ரீன்ஷாட்டுக்குக் கண்ணாடியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். கணினி எதை வரைந்ததோ அது மட்டும்தான் வரும். கண்ணாடி உடைந்திருந்தாலும் படத்தில் விரிசல் விழாது. அப்படியிருக்க, விரல் அடையாளம் எப்படி விழுந்தது?

மதியத்திலிருந்து விடாமல் மழை. விளக்கைப் போடும் அளவுக்கு இருட்டவில்லை, போடாமல் இருக்கும் அளவுக்கு வெளிச்சமும் இல்லை. வீடு முழுக்க ஈரத்துணி வாடையும், அதற்குள் காய்ச்சல் மருந்தின் தித்திப்பு வாடையும். அடுத்த அறையில் மகள் போர்வைக்குள் டேப்லெட்டோடு படுத்திருந்தாள். காய்ச்சல் என்று பள்ளிக்கு அனுப்பவில்லை. வாலு என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள், காய்ச்சல் வந்தால் மட்டும்தான் அந்தப் பெயருக்குக் கொஞ்சம் ஓய்வு.

“அம்மா, புடிச்சிட்டேன்!” என்று அங்கிருந்து குரல் வந்தது. கூடவே ‘சடக்’ என்ற அந்தப் பொய்க் கேமரா சத்தம்.

இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினால் திரை படமாகிவிடும் என்று அப்பா சொல்லிக்கொடுத்ததிலிருந்து வாலுவுக்கு அதுதான் விளையாட்டு. அதற்கு அவள் வைத்த பெயர் புடிக்கிறது. கடைசியில் வீட்டில் எல்லோரும் டிக்கெட்டைப் புடிச்சு அனுப்பு, அட்ரஸைப் புடிச்சு அனுப்பு என்றே பேச ஆரம்பித்திருந்தார்கள்.

“சரி கண்ணு, தூங்கு” என்றாள்.

இது செயலியில் உள்ள கோளாறாக இருக்கலாம். அலுவலகத்தில் செயலியைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் அண்ணாவுக்குத் தொலைபேசியில் சொன்னாள். எந்தக் கோளாறைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து வருவது ஒரே வாக்கியம்தான்.

“ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பும்மா.”

எடுத்தாள், பார்க்காமலே அனுப்பினாள்.

“என்னம்மா இது, கைய எடு, பொத்தானையே மறைக்குது” என்று சிரித்தார்.

அவள் படத்தைத் திறந்தாள். அது இப்போது அழுக்கு இல்லை. ஐந்து விரலும் விரிந்த ஒரு முழு உள்ளங்கை, பேருந்துக் கண்ணாடியில் யாரோ உள்ளேயிருந்து கையை அழுத்தியதுபோல், ரேகையெல்லாம் வெளுத்து நசுங்கித் தெரிந்தது. திரையில் எதுவும் இல்லை. பச்சைப் பொத்தான் சமர்த்தாக மின்னிக்கொண்டிருந்தது. படத்தில் மட்டும்தான் கை.

பயம்தான். ஆனால் பழக்கம் பயத்தைவிட வேகமானது. கோளாறு என்றால் ஆதாரம் வேண்டும், ஆதாரம் என்றால் படம் வேண்டும். விரல்கள் தாமாகவே போய் இன்னொன்று எடுத்து, அனுப்பியும் விட்டன.

மறுமுனையில் சிரிப்பு இல்லை.

“யாரும்மா அது?”

கைக்குப் பின்னால் ஒரு முகம். நெற்றியும் மூக்கும் கண்ணாடியில் அழுந்தித் தட்டையாகியிருந்தன. வாய் இருக்கும் இடத்தில் மூச்சுப் பட்ட ஆவி. அந்த ஆவிக்குப் பின்னால், வாய் திறந்திருந்தது.

“என் முகம்தாண்ணா. கண்ணாடில தெரிஞ்சிருக்கும்” என்றாள். பொய் என்று சொல்லும்போதே தெரிந்தது.

“ஸ்க்ரீன்ஷாட்ல எப்படிம்மா கண்ணாடில தெரியறது விழும்?”

அடுத்த அறையில் ‘சடக்’.

“அம்மா, புடிச்சிட்டேன்!”

அழைப்பைத் துண்டித்துவிட்டு ஓடினாள். போர்வைக்குள் நீல வெளிச்சத்தில் வாலு உட்கார்ந்திருந்தாள். கன்னம் கொதித்தது, கண் மின்னியது. டேப்லெட்டைப் பிடுங்கிப் படங்களைத் திறந்தாள். எல்லாம் கார்ட்டூன் முயல். முதல் படத்தில் முயலுக்குப் பின்னால், புல்வெளியின் கடைசியில், எறும்பளவு கறுப்பாக ஏதோ நின்றது. அடுத்ததில் விரலளவு. அடுத்ததில் அதற்குத் தோள் இருந்தது. கடைசிப் படத்தில் முயலே இல்லை. உள்ளங்கை, நெற்றி, திறந்த வாய்.

“யாருடி இது?”

“தெரியல. நான் புடிக்கப் புடிக்கக் கிட்ட வருவாங்க. ஓடிப்பிடிச்சு விளையாடறோம்.”

குழந்தை மட்டுமா பிடித்தாள்? ஆதாரம் ஆதாரம் என்று அம்மாவும்தானே பிடித்து, பிடித்து, வாசல்வரை கூட்டிவந்தாள்.

“போதும். இனிமே புடிக்கக் கூடாது.”

“நான் புடிக்கமாட்டேம்மா” என்றாள் வாலு, அம்மாவுக்கு ஏன் இதுகூடப் புரியவில்லை என்பதுபோல. “என் முறை முடிஞ்சிடுச்சு. இனி அவங்க புடிக்கணும்.”

டேப்லெட்டை அணைத்தாள். கண்ணாடி கறுத்தது. மெத்தையில் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் குழந்தையைப் போர்வையோடு வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கூடத்துக்கு வந்து, ஒரு கையால் மடிக்கணினியை மூடினாள். குழந்தையின் சூடு நெஞ்சில் சுட்டது. நல்லவேளை, சூடு. கனம். இங்கேதான் இருக்கிறாள்.

தொலைபேசி அடித்தது.

“இது எதுக்கும்மா எனக்கு அனுப்பற?” டெஸ்டர் அண்ணாவின் குரல் தணிந்திருந்தது.

“நான் ஒண்ணும் அனுப்பலண்ணா.”

“இப்ப வந்துச்சே. நீ பொண்ணத் தூக்கிட்டு நிக்கற. போர்வையோட.”

அவள் கூடத்தைப் பார்த்தாள். மூடிய மடிக்கணினி. அணைந்த தொலைக்காட்சி. அதன் கறுப்புக் கண்ணாடியில் மங்கலாக அவள், இடுப்பில் குழந்தை.

‘சடக்.’

அணைத்துவைத்த டேப்லெட்டிலிருந்து.

“இன்னொண்ணு வந்துருக்கு” என்றார். “பாப்பா முகம் மட்டும். ரொம்பக் கிட்ட.”

“அண்ணா, பாக்காதீங்க. அழிச்சிடுங்க!”

‘சடக்.’

இடுப்பில் கனம் குறைந்தது. கொஞ்சம்தான். தூங்கும் குழந்தை புரண்டதுபோல்.

“வாலு?”

“ம்” என்றாள் குழந்தை. குரல் காதருகே கேட்கவில்லை. படுக்கையறையிலிருந்து கேட்டது.

‘சடக்.’

இறுக்கினாள். இன்னும் இறுக்கினாள். கைகள் ஒன்றையொன்று தொட்டன. நடுவில் போர்வை. வெறும் போர்வை. சூடுகூட இன்னும் ஆறவில்லை.

தொலைபேசி தரையில் கிடந்து ஹலோ ஹலோ என்றது. எப்படி நடந்தாள் என்று தெரியவில்லை. படுக்கையில் டேப்லெட் கிடந்தது. அணைந்தே இருந்தது. கவிழ்த்துப் போட்டது, நிமிர்ந்து கிடந்தது.

கறுப்புக் கண்ணாடியில் ஒரு பெரிய உள்ளங்கை. அதன் பிடிக்குள், விரல் விரித்து, ஒரு சின்ன உள்ளங்கை.

துப்பட்டா நுனியால் துடைத்தாள். ஊதினாள். மறுபடி துடைத்தாள். அழுத்தி, அழுத்தி, நகம் வலிக்க.

போகவில்லை. அந்தச் சின்னக் கை இருந்த இடத்தில் மட்டும், கண்ணாடி காய்ச்சலாகக் கொதித்தது.